வயிறு நிறைந்தும் மூளை அறியாதபோது

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்த ஓர் ஆய்வுக்காக மதியச் சாப்பாட்டுக்கு மூன்று விதமாகச் சிக்கன் குருமா சமைத்தார்கள். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். மணத்திலும் ருசியிலும் வேறுபாடு தெரியாதபடி பக்குவமாகச் செய்திருந்தார்கள். வேறுபாடு கொழுப்பில் இருந்தது. ஒன்றில் மொத்தக் கலோரியில் 20 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது, அடுத்ததில் 40, மூன்றாவதில் 60. வந்தவர்கள் மூன்றையும் ருசி பார்த்துவிட்டு, பிறகு வேண்டிய மட்டும் சாப்பிடலாம். அவர்களில் 20 பேர் ஒல்லியானவர்கள், 20 பேர் பருமனானவர்கள். மீதி 14 பேரும் பருமனானவர்களே. ஆனால் அவர்களின் மூளையில் ஒரு குறிப்பிட்ட ஹார்மோன் ஏற்பி பிறவியிலேயே பழுதாக இருந்தது.

மூன்று தரப்பும் சாப்பிட்ட மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஏற்பி பழுதான 14 பேரும் கொழுப்பு மிகுந்த குருமாவின் பக்கமே சாய்ந்தார்கள். ஒல்லியானவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அந்தக் குருமா அவர்கள் வயிற்றுக்குள் போனது. எதில் கொழுப்பு அதிகம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாக்கால் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆய்வின் இன்னொரு பகுதியில் சர்க்கரை அளவை மாற்றி மாற்றி ஓர் இனிப்பைக் கொடுத்துப் பார்த்தபோது, இதே ஆட்கள் இனிப்பு கூடியதை மற்றவர்களைவிடக் குறைவாகவே விரும்பினார்கள். இந்த ஆய்வு 2016இல் வெளியானது.

குண்டாக இருப்பவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று ஊர் சொல்லும். அந்த 14 பேரின் தட்டு வேறொன்றைச் சொல்கிறது. எதைத் தின்பது, எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதில் ஒரு பகுதி நம் விருப்பத்துக்கு அடியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்தத் தீர்மானம் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு மரபணுக்கள் ஒரு பெரிய காரணம். இரட்டைக் குழந்தைகளை வைத்து உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், ஒரு சமூகத்துக்குள் மனிதருக்கு மனிதர் உடல் எடையில் காணும் வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபு சார்ந்தது என்று மதிப்பிடுகின்றன. அந்த மரபில் ஹார்மோன் ஏற்பிகளின் பங்கு என்ன, எதுவரை நிரூபணமாகியிருக்கிறது, எங்கே அவசரப்பட்டு முடிவு கட்டினார்கள், நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பவைதான் இக்கட்டுரையின் கேள்விகள்.

ஹார்மோன் என்பது ரத்தத்தில் போகும் சேதி. அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதமே ஏற்பி. பெரும்பாலான ஏற்பிகள் செல்லின் மேல்சவ்வில் பதிந்திருக்கும். சில செல்லுக்குள்ளேயே இருக்கும். ஹார்மோன் வந்து பொருந்தினால் ஏற்பியின் வடிவம் சற்றே மாறும், அதைத் தொடர்ந்து செல்லுக்குள் வேலைகள் தொடங்கும். ஏற்பியைச் செய்வதற்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அந்தக் குறிப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஏற்பி ஒழுங்காக மடங்காமல் போகலாம், செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேராமல் போகலாம், வந்தும் ஹார்மோனைப் பிடிக்காமல் விடலாம். சில நேரம் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்வதும் உண்டு. ஹார்மோன் ரத்தத்தில் நிறைய இருந்தும் உடல் அது இல்லாததுபோல நடந்துகொள்ளும் விந்தைக்கு இதுவே காரணம்.

பருமனில் இந்த விந்தையை முதலில் பிடித்தது எலிகளை வைத்து. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949இல் அங்கே, மற்ற சுண்டெலிகளைப் போலப் பல மடங்கு கொழுப்போடு ஒரு வகைச் சுண்டெலி பிறந்தது. 1966இல் இன்னொரு வகை பதிவானது. அதுவும் பருமன், கூடவே கடுமையான நீரிழிவு. இரண்டும் ஓயாமல் தின்றன. கனடாவிலிருந்து வந்து அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர் டக்ளஸ் கோல்மன், இரண்டு எலிகளின் உடலை அறுவை மூலம் இணைத்து ரத்தம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்படி செய்தார்.

நீரிழிவு எலியோடு இணைக்கப்பட்ட சாதாரண எலி, பக்கத்தில் உணவு இருந்தும் தின்னாமல் பட்டினியில் செத்தது. நீரிழிவு எலியோ எப்போதும்போலத் தின்றுகொண்டிருந்தது. அதே நீரிழிவு எலியை 1949ஆம் ஆண்டு வகைக் கொழுத்த எலியோடு இணைத்தபோது, கொழுத்த எலி தின்பதை நிறுத்தி மெலிந்து செத்தது. 1973இல் கோல்மன் இதிலிருந்து எடுத்த முடிவு தெளிவானது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. முதல் வகை எலியால் அதைச் சுரக்க முடியவில்லை, வந்தால் கேட்டுக்கொள்கிறது. இரண்டாவது வகை அதை ஏராளமாகச் சுரக்கிறது. ஆனால் அதற்கு அதைக் கேட்கும் உறுப்பு இல்லை. அந்தப் பொருளை ஒருவரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. பருமன் என்றால் மனக் கட்டுப்பாட்டுக் குறை என்றே பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு எலிகளையும் ஊசி நூலையும் வைத்துக்கொண்டு ஹார்மோன் ஒன்றையும் அதன் ஏற்பியையும் கோல்மன் ஊகித்துச் சொன்னது, இந்தத் துறையில் நடந்த ஆகச் சிறந்த சிந்தனை என்றே சொல்ல வேண்டும்.

நிரூபணம் வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1994 டிசம்பரில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு முதல் வகை எலியில் கெட்டுப்போயிருந்த மரபணுவைப் பிடித்தது. அது செய்யும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் வந்தது. கொழுப்புச் செல்களே அதைச் சுரக்கின்றன என்பது அன்று பெரிய செய்தி. அடுத்த ஆண்டே லெப்டின் ஏற்பியும் பிடிபட்டது. இரண்டாவது வகை எலியில் கெட்டிருந்தது அந்த ஏற்பிதான். கோல்மன் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. 2010இல் இருவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

எலிக்குச் சரி, மனிதருக்கு?

1997இல் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி குழுவினர் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமிக்கு 86 கிலோ, அவளுடைய உறவுக்காரனான இரண்டு வயதுப் பையனுக்கு 29 கிலோ. பிறக்கும்போது இருவரின் எடையும் இயல்பாகவே இருந்தது. பிறந்த சில மாதங்களிலேயே அடங்காப் பசி தொடங்கிவிட்டது. இருவருக்கும் லெப்டின் மரபணுவில் பழுது. சிறுமிக்கு ஒன்பது வயதில் லெப்டின் ஊசி போடத் தொடங்கியபோது எடை 94.4 கிலோ. ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. குறைந்ததில் ஏறக்குறைய எல்லாமே கொழுப்பு. இல்லாத ஹார்மோனைக் கொடுத்ததும் பசி அடங்கியது. யாரும் அந்தக் குழந்தையை அதட்ட வேண்டியிருக்கவில்லை.

ஏற்பியே பழுதானால் கதை வேறு. 1998இல் பாரிஸில் கரீன் கிளெமான் குழுவினர், அல்ஜீரியாவின் கபில் இனக் குடும்பம் ஒன்றில் மூன்று சகோதரிகளைக் கண்டார்கள். உறவில் திருமணம் செய்த பெற்றோர். மூன்று பெண்களுக்கும் கடும் பருமன், பூப்பெய்தவும் இல்லை. ரத்தத்தில் லெப்டின் அளவு மிக மிக அதிகம். ஏற்பி மட்டும் இல்லை. இவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டுப் பயனில்லை, கேட்பதற்கு மூளையில் ஆளில்லை. சிறு வயதிலேயே கடுமையாகப் பருத்த 300 பேரைச் சோதித்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் 8 பேருக்கு இந்த ஏற்பி பழுதாக இருந்தது. நூற்றுக்கு மூன்று பேர் என்பது அதுவரை நினைத்ததைவிட அதிகம்.

லெப்டின் ஊசி எல்லாப் பருமனையும் கரைத்துவிடும் என்று 1995 வாக்கில் பெரும் நம்பிக்கை எழுந்தது. நடக்கவில்லை. சாதாரணமாகப் பருத்தவர்களுக்கு லெப்டின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. மூளை அதற்குச் செவி மந்தமாகிவிட்டது. மேலும் கொடுத்ததில் எடை பெரிதாகக் குறையவில்லை. அரிய நோயில் கிடைத்த வெற்றியைப் பொது நோய்க்கு அப்படியே நீட்ட முடியாது என்பது இத்துறை தொடக்கத்திலேயே கற்ற பாடம்.

லெப்டின் மூளையை அடைந்த பிறகு என்ன நடக்கிறது என்று தேடியவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் இன்று மனிதப் பருமன் மரபியலின் மையம்: மெலனோகார்ட்டின்-4 ஏற்பி, சுருக்கமாக எம்சி4ஆர். குருமா ஆய்வின் 14 பேருக்கும் பழுதாக இருந்தது இதுதான். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. லெப்டின் அங்கே ஒரு வகை நரம்பணுக்களைத் தூண்டுகிறது. அவை வெளியிடும் ஹார்மோன் எம்சி4ஆர் ஏற்பியில் வந்து பொருந்தினால் பசி அடங்கும். பக்கத்திலேயே பசியைக் கிளப்பும் நரம்பணுக்களும் உண்டு. அவை வெளியிடும் பொருள் அதே ஏற்பியை அடைத்துவிடும். தின்னலாமா, போதுமா என்ற இழுபறி முழுக்க இந்த ஒரே புரதத்தின் மேல் நடக்கிறது.

இதற்கு முதல் துப்பு கொடுத்தது எலியின் நிறம். மஞ்சள் மயிரும் பருத்த உடலும் கொண்ட ஒரு சுண்டெலி வகையை ஆர்வலர்கள் வெகுகாலமாக வளர்த்து வந்தார்கள். மயிர் நிறத்துக்கும் பருமனுக்கும் என்ன தொடர்பு? அந்த எலியில் ஒரு புரதம் உடலெங்கும் தேவையின்றிச் சுரக்கிறது. தோலில் அது மெலனோகார்ட்டின்-1 ஏற்பியை அடைப்பதால் கறுப்பு நிறம் உண்டாவதில்லை. மூளையில் எம்சி4ஆரை அடைப்பதால் பசி அடங்குவதில்லை. 1997இல் இந்த ஏற்பியே இல்லாமல் எலியை உருவாக்கிப் பார்த்தார்கள், அது பருத்தது. அடுத்த ஆண்டே ஒரே இதழில் இரண்டு குழுக்கள், கேம்பிரிட்ஜிலிருந்து ஒன்றும் பிரான்ஸ் குடும்பங்களை ஆராய்ந்த மற்றொன்றும், மனிதரில் இதே பழுதைக் கண்டதாக அறிவித்தன.

இயற்கையும் மனிதனும் இதே ஏற்பியை வேறு இடங்களில் பயன்படுத்தியிருப்பதைப் பார்த்தால் வியப்பு வரும். பன்றிப் பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த குணங்களில் கொழுப்பின் கனமும் தீனி உண்ணும் அளவும் அடங்கும். 2000இல் அயோவாவில் ஆராய்ந்தபோது அவற்றோடு எம்சி4ஆரில் ஒற்றை அமினோ அமிலத் திரிபு ஒன்று சேர்ந்து வருவது தெரிந்தது. மெக்சிகோவின் இருட்டுக் குகைகளில் கண் பார்வை இழந்து வாழும் மீன்கள் உண்டு. வெள்ளம் வந்தால்தான் அவற்றுக்கு உணவு, மற்ற நாளெல்லாம் பஞ்சம். சில குகைகளின் மீன்களில் எம்சி4ஆர் மந்தமாகியிருக்கிறது. கிடைக்கும்போது நிறையத் தின்று கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கின்றன. பஞ்சத்தில் உயிர் காக்கும் திரிபு, ஃபிரிட்ஜும் பேக்கரியும் பக்கத்தில் இருக்கும்போது நோயாகிறது.

லெப்டின் ஏற்பி நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். எம்சி4ஆருக்கு ஒரு பிரதி கெட்டாலே போதும், எடை ஏறும். அதனால்தான் இது பரவலாகக் காணப்படுகிறது. கடும் பருமனுள்ள 500 பேரை ஆராய்ந்த 2003ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வில் 5.8 சதவீதத்தினரிடம் இந்தப் பழுது இருந்தது. அவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்கள். ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது? பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991-92இல் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து வரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் 5,724 பேரின் எம்சி4ஆர் மரபணுவைப் படித்து 2021இல் விடை சொன்னார்கள்: 337 பேருக்கு ஒருவர். அந்த ஒருவர் 18 வயதில், பழுதில்லாத சக வயதினரைவிடச் சராசரியாக ஏறக்குறைய 18 கிலோ அதிகம்.

இந்த 18 கிலோவைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் என்றால் மூன்று பேருக்கு இது இருக்கலாம். கூடுதல் எடை சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அவர்கள் வகுப்பில் எந்தப் பட்டப்பெயரோடு வளர்ந்திருப்பார்கள், உடற்பயிற்சி ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார், வீட்டில் யார் தட்டை யார் பிடுங்கியிருப்பார்கள் என்பதை நம்மில் யாரும் எளிதாக ஊகித்துவிடலாம்.

அதே ஏற்பியின் நல்ல பக்கமும் தெரியவந்திருக்கிறது. பிரிட்டனின் உயிர்வங்கித் திட்டத்தில் சேர்ந்த ஐந்து லட்சம் பேரின் தரவுகளை வைத்து, எம்சி4ஆரின் 61 திரிபுகளை 2019இல் ஆராய்ந்தார்கள். அவற்றில் சில, ஏற்பியை வழக்கத்தைவிட அதிகம் வேலை செய்ய வைத்தன. நூற்றில் ஆறு பேரிடம் அப்படியொரு திரிபு இருக்கிறது. இரண்டு பிரதியும் அப்படி அமைந்தவர்கள் சராசரியாக 2.5 கிலோ எடை குறைவு. நீரிழிவும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. 'என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களில் சிலருக்கு அந்தப் பெருமை தாத்தா பாட்டி கொடுத்தது.

இவ்வளவு தெளிவான கதைகள் இத்துறையில் குறைவு. தவறிய கதையொன்றையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு முழுமையாகாது.

1995இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் மூன்று கட்டுரைகள் ஒரே நேரத்தில் வந்தன. மூன்றும் பீட்டா-3 அட்ரினெர்ஜிக் ஏற்பியைப் பற்றியவை. கொழுப்புச் செல்லில் இருந்து கொழுப்பை எரிக்கத் தூண்டும் ஏற்பி அது. அதன் 64ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால் பருமன் அல்லது நீரிழிவுக்கான போக்கு கூடுகிறது என்று அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடமும், ஃபின்லாந்திலும், பிரான்ஸிலும் கண்டதாக எழுதினார்கள். பீமா மக்களிடம் அந்தத் திரிபு மற்றவர்களைவிடப் பல மடங்கு பரவலாக இருந்தது. உலகத்திலேயே நீரிழிவு மிக அதிகமாகக் காணப்பட்ட சமூகங்களில் ஒன்று அது. காரணம் பிடிபட்டுவிட்டதாகவே தோன்றியது.

பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. 44,000 பேருக்கு மேல் சேர்த்துக் கணக்கிட்ட 2008ஆம் ஆண்டு தொகுப்பாய்வில் கிழக்கு ஆசியரிடம் மட்டும் உடல் நிறை குறியீட்டில் 0.3 அளவுக்கு வேறுபாடு தெரிந்தது. அது ஒரு கிலோவுக்குக் கீழ். ஐரோப்பியரிடம் அதுவும் இல்லை. இந்த ஏற்பியைத் தூண்டி எடையைக் குறைக்க முயன்ற மருந்துகள் தோற்றன. அவற்றின் வழிவந்த ஒன்று கடைசியில் அடிக்கடி சிறுநீர் வரும் தொல்லைக்கு மருந்தாயிற்று.

பீமா மக்களின் வரலாறோ மரபணுவைவிடக் கூர்மையான விடையைத் தருகிறது. கீலா ஆற்று நீரில் வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக் குடியேறிகள் மேல்பகுதியில் ஆற்றைத் திருப்பிக்கொண்டதால் நிலம் காய்ந்தது. அரசு தந்த மாவும் பன்றிக்கொழுப்பும் உணவாயிற்று. எல்லைக்கு அப்பால் மெக்சிகோ மலைகளில் இன்றும் உழுது வாழும் அவர்களின் பங்காளிகளை 2006இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கப் பீமாக்களில் 38 சதவீதத்தினருக்கு நீரிழிவு, மெக்சிகோவில் 6.9 சதவீதம். அங்கே பருமனும் மிகக் குறைவு. ரத்தம் ஒன்று, வாழ்வு வேறு. ஒரு சமூகத்தின் உடலில் நடந்த மாற்றத்துக்கு ஓர் ஏற்பியின் ஒரு எழுத்தைக் காரணம் காட்டும் எவரும் முதலில் அந்த ஆற்றைப் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் பக்கம் வருவோம். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு 2023இல் வெளியானது. 1,13,043 பேரைச் சோதித்து, இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதம் பேர் பருமனானவர்கள், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன், 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று அது சொன்னது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அளவு மீறிய எடையோடு இருப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று காட்டியது. நாட்டின் சராசரி இதில் ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேல்தான். இந்தியருக்குப் பருமனை அளக்கும் கோலே தனி: மற்றவர்க்கு உடல் நிறை குறியீடு 30 என்றால் நமக்கு 25. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே வரும் அந்த உடம்பு வாகு நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததே.

அந்த வாகில் ஏற்பிகளுக்குப் பங்குண்டா? ஓரளவு உண்டு. மேற்கு லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரை மையமாக வைத்து ஜான் சேம்பர்ஸ், ஜஸ்பால் கூனர் குழுவினர் 2008இல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். எம்சி4ஆர் மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு பொதுவான திரிபு இரண்டு பிரதியாக அமைந்தவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கூடுதல். இன்சுலின் எதிர்ப்பும் கூடுதல். அந்தத் திரிபு ஐரோப்பியரைவிட இந்தியரிடம் அதிகமாகப் பரவியிருந்தது. ஏற்பி இங்கே உடையவில்லை. அது எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதில் சிறு ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்று கருதுகிறார்கள். இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு பெல்ட் துளையளவு. நம் வயிற்றுக்கு முழு விளக்கம் அதுவாகிவிடாது.

எச்சரிக்கைக்கு இன்னொரு சான்று சென்னையிலிருந்தே கிடைத்தது. பிபிஏஆர்-காமா என்ற ஏற்பி செல்லுக்குள் இருந்து கொழுப்புச் செல்களின் வளர்ச்சியை நடத்துகிறது. அதன் 12ஆம் இடத்திலுள்ள ஒரு திரிபு ஐரோப்பியருக்கு நீரிழிவிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருகிறது என்பது நன்கு உறுதிப்பட்ட ஒன்று. சென்னையில் வாழ்பவர்கள், அமெரிக்காவின் டாலஸில் வாழும் தெற்காசியர், டாலஸ் வெள்ளையர் என மூன்று தரப்பை 2006இல் ஒப்பிட்டார்கள். வெள்ளையருக்கு அந்தத் திரிபு காப்பாக இருந்தது. தெற்காசியருக்கு, சென்னையிலும் சரி, டாலஸிலும் சரி, அந்தக் காப்பு கிடைக்கவில்லை. ஐரோப்பியரை வைத்துக் கட்டிய கணக்கை நம் உடம்பின் மேல் அப்படியே போட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் உலக மரபணுத் தரவுத் தொகுப்புகளில் பெரும்பங்கு இன்னும் ஐரோப்பிய வம்சாவளியினருடையதே.

நமக்கென்று தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று உறவுத் திருமணம். தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று ரத்த உறவுக்குள் நடப்பவை என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. லெப்டின் ஏற்பிப் பழுது போல இரண்டு பிரதியும் கெட்டால் வரும் நோய்களுக்கு இது வழி திறக்கும். பாகிஸ்தானில் உறவுத் திருமணம் மிகுந்த சமூகத்தில், கடுமையாகப் பருத்த குழந்தைகளை 2015இல் சோதித்தபோது ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு லெப்டின், லெப்டின் ஏற்பி, எம்சி4ஆர் ஆகிய மூன்றில் ஒன்று பழுதாக இருந்தது. அதே அளவுக்கு விரிவாகத் தமிழ்நாட்டுக் குழந்தைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையை இங்குள்ள ஆய்வு நிறுவனங்கள் எடுத்துச் செய்ய வேண்டும்.

பழுதான ஏற்பிகளை விட்டு, பொதுவான பருமனுக்கு வந்தால் படம் மங்குகிறது. ஏழு லட்சம் பேரை உள்ளடக்கிய 2018ஆம் ஆண்டு ஆய்வு எடையோடு தொடர்புள்ள 941 திரிபுகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் கூட்டினாலும் எடை வேறுபாட்டில் ஏறக்குறைய 6 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. பெரும்பாலானவற்றின் கனம் கிராம் கணக்கு. இந்த நிலையில் எச்சில் மாதிரியை வாங்கிக்கொண்டு 'உங்கள் மரபணுவுக்கு ஏற்ற டயட்' என்று விற்பவர்களிடம் வாசகர்கள் காசைக் கொடுக்க வேண்டியதில்லை. பொதுவான திரிபுகளை வைத்துத் தனி ஒருவருக்கு உணவுப் பட்டியல் எழுதும் அளவுக்கு அறிவியல் இன்னும் வளரவில்லை.

மருந்துகளின் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஏற்பி ஆய்வு நேரடியாகப் பலன் கொடுத்திருக்கிறது. எம்சி4ஆரைத் தூண்டும் தொடக்ககால மருந்துகள் ரத்த அழுத்தத்தை ஏற்றின. ஏன் என்பதற்கு விடை நோயாளிகளிடமே இருந்தது: ஏற்பி பழுதானவர்கள் பருமனாக இருந்தும் அவர்களின் ரத்த அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. பசியும் ரத்த அழுத்தமும் ஒரே ஏற்பியின் கையில். பிறகு வந்த செட்மெலனோடைட் அந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தவிர்த்தது. லெப்டின் ஏற்பி இல்லாதவர்களுக்கு, அதற்கு அடுத்த படியில் உள்ள எம்சி4ஆரை இது நேராகத் தூண்டுகிறது. சோதனையில் லெப்டின் ஏற்பி பழுதான 11 பேரில் 5 பேர் ஓராண்டில் எடையில் குறைந்தது பத்து சதவீதம் இழந்தார்கள். 2020 நவம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. தோல் கறுப்பது இதன் பக்கவிளைவு. மஞ்சள் எலியில் பார்த்த அந்த மெலனோகார்ட்டின்-1 ஏற்பியும் கூடவே தூண்டப்படுவதுதான் காரணம்.

இன்று ஊரெல்லாம் பேசும் எடைக் குறைப்பு ஊசிகளும் ஏற்பி வேலைதான். செமாக்ளூடைட் குடல் ஹார்மோனான ஜிஎல்பி-1இன் ஏற்பியைத் தூண்டுகிறது. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைட் அதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பியையும் தூண்டுகிறது. அதன் உயர்ந்த அளவு 72 வாரத்தில் சராசரியாக 20.9 சதவீத எடையைக் குறைத்தது. இங்கேதான் மரபியல் ஒரு புதிரை எழுப்புகிறது. 6,45,000 பேரின் மரபணுக்களைப் படித்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், ஜிஐபி ஏற்பி சரியாக வேலை செய்யாதவர்களே எடை குறைந்தவர்களாக இருந்தார்கள். அப்படியானால் அந்த ஏற்பியை அடைக்க அல்லவா வேண்டும்? ஓர் அமெரிக்க நிறுவனம் அதைத்தான் செய்தது: ஜிஐபி ஏற்பியை அடைத்து ஜிஎல்பி-1 ஏற்பியைத் தூண்டும் மருந்து. அதிலும் சோதனைகளில் எடை கணிசமாகக் குறைந்தது. ஒரே ஏற்பியைத் தூண்டினாலும் எடை குறைகிறது, அடைத்தாலும் குறைகிறது. தொடர்ந்து தூண்டினால் ஏற்பி களைத்து உள்வாங்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். மூளையில் வேறு வேறு நரம்பணுக்கள் வழியாக வேலை நடக்கிறது என்பது இன்னொன்று. விவாதம் முடியவில்லை.

மரபணு பழுது என்றால் வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். எம்சி4ஆர் பழுதானவர்களுக்கும் பழுதில்லாத பருமனானவர்களுக்கும் டென்மார்க்கில் 16 வாரம், ஜிஎல்பி-1 ஏற்பியைத் தூண்டும் லிராக்ளூடைட் ஊசி போட்டு 2018இல் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆறு முதல் ஏழு கிலோ வரை, இழந்தன. ஒரு வழி அடைபட்டாலும் பசியை அடக்க மூளைக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

ஆகவே மரபணுச் சோதனை யாருக்கு வேண்டும் என்பதில் மருத்துவ உலகம் தெளிவாகவே இருக்கிறது. ஐந்து வயதுக்கு முன்பே கடுமையாகப் பருத்து, அடங்காப் பசியும் உள்ள குழந்தைகளுக்குச் சோதிக்கலாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2017இல் வழிகாட்டியது. மற்ற பெரும்பாலோருக்குத் தேவையில்லை. நம் வீடுகளில் கொழுகொழு குழந்தை என்றால் மகிழ்ச்சி. திருஷ்டிப் பொட்டு வைத்துக் கொண்டாடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்த சற்று நேரத்திலேயே மறுபடி அழுது, ராத்திரி எழுந்து அடுப்படியில் உணவு தேடி, வயதுக்கு இரு மடங்கு எடையோடு வளரும் பிள்ளை இருந்தால், அதைக் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். பெற்றோர் உறவில் திருமணம் செய்தவர்கள் என்றால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளையின் தட்டை எடுத்து ஒளிக்காதீர்கள், உறவினர் முன்னால் அதன் வயிற்றைத் தட்டிக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள்.